இருபத்தாறு 'இல்லை'

டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவர்களில் உடம்பில் குறை உள்ளவர் என்று ஒருவரைக்கூட ரைட்டரம்மா பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றால், காகிதத்தில் பார்த்ததில்லை. லைசென்ஸ் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் பன்னிரண்டு கேள்விகள் இருக்கும். வலிப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா, காது மந்தமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "என்னம்மா கேட்டீங்க?" என்பார். ரைட்டரம்மா 'காது மந்தமா' என்பதற்கு நேராக 'இல்லை' கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். பன்னிரண்டு டிக்கும் படிக்கட்டில் பந்து இறங்குவது போல மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக இறங்கும். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினால் ஆளுக்கு அரை மணி நேரம் ஆகும், அதற்குள் வெளியே வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

ஸ்கூல் அவள் வீட்டுக்காரருடையது. ரோட்டைப் பார்த்த ஒற்றை அறை, ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, சுவர் முழுக்கப் போக்குவரத்துக் குறிகள். வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கும். அதில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டதால் அவளும் மாஸ்டர் என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். 'என்னங்க' என்று அவள் ஆரம்பித்தால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். அவரும் பதிலுக்கு அவளை ரைட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

இவர்கள் இரண்டு பேருக்கும் பிறந்தவள் தும்பி. ஒரு இடத்தில் உட்காரமாட்டாள், உட்கார்ந்தால் அங்கிருந்து எழுப்பவும் முடியாது. அதனால் அந்தப் பட்டப்பெயர். ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

காலையில் சீப்பை எடுத்துவரச் சொன்னால் தும்பி சந்தோஷமாக ஓடுவாள். ஐந்து நிமிஷம் போகும், பத்து நிமிஷம் போகும். ரைட்டரம்மா தேடிப்போனால், குளியலறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் கீழே விழுவதற்கு முன்னால் எப்படி நீளுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். சீப்பு எங்கே என்றால், எந்தச் சீப்பு என்பாள். கள்ளம் கபடம் எதுவும் இருக்காது. உண்மையிலேயே எந்தச் சீப்பு என்று அவளுக்குத் தெரியாது. ஒரு காலில் சாக்ஸ் ஏறியிருக்கும், இன்னொரு சாக்ஸ் கையில் பொம்மையாகப் பேசிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் மூன்று தண்ணீர் பாட்டில் தொலைத்தாள். நாலாவது பாட்டிலில் மாஸ்டர் தன் கார் நம்பரையே பெயிண்டில் எழுதிக் கொடுத்தார். கார் இருக்கிறது, பாட்டில் போய்விட்டது.

மாஸ்டருக்கு இதில் கவலையே கிடையாது. "இன்ஜின் சூப்பரா ஓடுது, வண்டி நியூட்ரல்ல நிக்குது. கியர் விழுந்ததுன்னா உன்னாலயும் என்னாலயும் பிடிக்க முடியாது பாரு" என்பார். ரைட்டரம்மாவும் சிரித்துவைப்பாள். சிரித்து முடித்த பிறகு அந்தச் சாக்ஸைக் குனிந்து போட்டுவிடுகிறவள் அவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மழலையர் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். தும்பியின் டீச்சர் மெதுவாகப் பேசுகிற ஆள். குழந்தைகளின் உயரத்துக்குச் செய்த நாற்காலியில் ரைட்டரம்மாவை உட்காரவைத்து, முழங்கால் தாடையில் இடிக்கிற நிலையில், விஷயத்தைச் சொன்னார். தும்பி கெட்டிக்காரி, நல்ல மனசு, யாரையும் அடிக்கமாட்டாள். ஆனால் இருபது பிள்ளைகள் கோட்டின் மேல் நடந்தால் இவள் மட்டும் நடுவில் நின்று கோடு எங்கே முடிகிறது என்று யோசிப்பாள். கதை சொல்லும்போது மூன்றாவது வரியிலேயே எழுந்து போய்விடுவாள். இது வெறும் வயசுக்கோளாறாக இருக்கலாம், கவனம் நிற்பதில் உள்ள சிக்கலாகவும் இருக்கலாம். இரண்டு மாதத்தில் ஒன்றாம் வகுப்பு, அங்கே ஒரு வகுப்பில் நாற்பது பேர். அதற்கு முன்னால் குழந்தை வளர்ச்சி டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டால், உதவி வேண்டுமென்றால் இப்போதே ஆரம்பிக்கலாம் என்றார். இதெல்லாம் சீக்கிரம் தெரிந்தால் பிள்ளைக்குத்தான் லேசு, தள்ளிப்போட்டால் 'சோம்பேறி, திமிர் பிடித்தவள்' என்று நாலு பேர் சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிடுவாள் என்றும் சொன்னார். அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தார். கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து, அதை நிரப்பித் திங்கட்கிழமை தரச் சொன்னார். இருபத்தாறு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: ஆம், சில நேரம், இல்லை.

ரைட்டரம்மாவுக்குக் காகிதம் என்றால் பயம் கிடையாது, காகிதத்தில் ஏறுவது என்றால்தான் பயம். ஒருமுறை ஒரு விண்ணப்பத்தில், ஒருவர் பெயரிலிருந்த ஒற்றைக் கொம்பை விட்டுவிட்டாள். அந்த மனிதர் ஆறு வருஷமாக, வண்டியை நிறுத்துகிற ஒவ்வொரு போலீஸ்காரரிடமும் 'இது நான்தாங்க, இந்தப் பேரும் நான்தாங்க' என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஒரு கொம்புக்கே இவ்வளவு பாடு. 'கவனக்குறைபாடு' என்று ஒரு முழு வார்த்தை தும்பியின் பெயருக்குப் பக்கத்தில் ஏறிவிட்டால்? ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வார்த்தையைப் பார்த்துவிடுவாரே.

படிவத்தை நிதானமாகப் படித்து நிரப்புவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் திங்கட்கிழமை காலை லைசென்ஸ் தேர்வுக்குப் போகிற கூட்டம், ஏழு விண்ணப்பம். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் தும்பியின் படிவத்தைக் கையில் எடுத்தாள். முதல் வாக்கியம், 'சொன்ன வேலையைப் பாதியில் மறந்துவிடுகிறாள்' என்று இருந்தது. பேனா ஒரு விநாடி 'ஆம்' பக்கம் போய் நின்றது. கொம்பில்லாத மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். பேனா மூன்றாவது கட்டத்துக்கு நகர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததற்கு அவள் பொறுப்பே இல்லை, பதினோரு வருஷப் பழக்கம்தான் பொறுப்பு. பந்து படிக்கட்டில் இறங்கிவிட்டது. இருபத்தாறு 'இல்லை'யும் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தன. அதை உறையில் போட்டு ஒட்டியபோது பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

மாஸ்டர் தன் பங்குக்கு வேறு வேலையில் இறங்கியிருந்தார். டெஸ்ட் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. இடதுபக்கம் எது என்று தெரியாதவர்களையெல்லாம் பாஸ் பண்ண வைத்தவர். சொந்தப் பெண் ஃபெயில் ஆவதா? டீச்சர் இது பரீட்சை இல்லை என்று சொன்னதாக ரைட்டரம்மா எடுத்துச் சொன்னாள். லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் சொல்வார், அதை நம்பிக் கையை ஜன்னலுக்கு வெளியே போட்டு ஃபெயில் ஆனவன் எத்தனை பேர் தெரியுமா என்றார் மாஸ்டர்.

மூன்று சாயங்காலம் பயிற்சி நடந்தது. சமையலறை நாற்காலிதான் சீட். முதுகு நேராக, கண் முன்னால், இரண்டு கையும் இல்லாத ஸ்டியரிங்கில். பக்கத்தில் மாஸ்டர் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். அவர் ஒரு தடவை இருமினால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும், இரண்டு தடவை இருமினால் ஆடாமல் உட்கார வேண்டும். முதல் நாள் ஒன்றரை நிமிஷம். இரண்டாம் நாள் நாலு நிமிஷம், அதில் பாதி நேரம் தும்பி தன் நிழலின் காதைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பதினோரு நிமிஷம். மாஸ்டர் எழுந்து கைதட்டினார். தும்பி இறங்கி வந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. பதினோரு நிமிஷம் சும்மா உட்கார்ந்ததற்கா இவ்வளவு வேர்வை என்று ரைட்டரம்மாவுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று பேரும் போனார்கள். டாக்டரின் அறையில் மேசை ஒரு மூலையில் தள்ளப்பட்டுக் கிடந்தது. டாக்டர் தலை நரைத்த ஒரு அம்மாள், தரையில் விரித்த பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மரக்கட்டைகள், ஒரு மூடியில்லாத டப்பா, படப் புத்தகங்கள். இன்ஸ்பெக்டர் தரையில் உட்கார்ந்திருப்பார் என்று மாஸ்டர் எதிர்பார்க்கவில்லை. அவர் போட்ட திட்டத்தில் நாற்காலிதான் இருந்தது. நல்ல வேளையாகச் சுவரோரம் ஒரு குட்டி நாற்காலி கிடந்தது. தும்பி நேராகப் போய் அதில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் உயர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு படப் புத்தகத்தைத் திறந்து, தொப்பியைத் தொலைத்த யானைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மாஸ்டர் இரண்டு தடவை இருமினார். தும்பி சிலையாக இருந்தாள். கண் இமைக்கவில்லை, கை இறங்கவில்லை. கதை முடிந்தது. மாஸ்டர் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"யானை எதைத் தொலைச்சது, கண்ணு?" என்றார் டாக்டர்.

தும்பி உதட்டைக் கடித்து யோசித்தாள். பிறகு, "நான் ஆடவே இல்லையே" என்றாள்.

மாஸ்டர் அவசரமாக ஒரு தடவை இருமினார். அந்த அவசரத்தில் பின்னால் இன்னொன்றும் வந்துவிட்டது.

"அப்பா, இப்ப இருமினது ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டாள் தும்பி. கைகள் இன்னும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன.

டாக்டர் மாஸ்டரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், அல்லது இருமலுக்கு மருந்தே எழுதித் தரட்டுமா என்றார். முகத்தில் சிரிப்பு வராமல் இருக்க அவர் பட்ட பாடு பெரிது. மாஸ்டர், தூசுங்க டாக்டர், ரோட்டிலேயே இருக்கிறதால தூசு என்றார். பிறகு டாக்டர் தும்பியை, கையை இறக்கிவிட்டு இஷ்டம் போல விளையாடலாம் என்று பாய்க்குக் கூப்பிட்டார். பிள்ளை நாற்காலியிலிருந்து வழிந்து இறங்கியது. சிவப்புக் கட்டையை எடுத்து டப்பாவில் போட்டு, டப்பாவை அம்மாவிடம் கொடு என்றார் டாக்டர். தும்பி சிவப்புக் கட்டையை எடுத்தாள். அதன் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. அவ்வளவுதான், டப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, அந்தக் கீறல் ஒன்றுதான் உலகத்தில் இருந்தது.

டீச்சர் அனுப்பியிருந்த உறையை டாக்டர் பிரித்தார். ரைட்டரம்மாவுக்குத் தன் கைவேலை அடையாளம் தெரிந்தது.

"இருபத்தாறுக்கும் இல்லைன்னு போட்டிருக்கீங்க."

ஆமாம் என்று தலையாட்டினாள். இதில் பாதி வாக்கியங்கள் கஷ்டத்தைக் கேட்கின்றன, மீதி நல்லதைக் கேட்கின்றன, கலந்துதான் வைத்திருக்கிறோம் என்றார் டாக்டர். அப்படிக் கலந்து வைப்பது எதற்கென்று அவர் சொல்லவில்லை. ரைட்டரம்மாவுக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. தொழில் அப்படி. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாதாரணமாகப் படித்தார்: நாலாவது, கதையைக் கடைசிவரை கேட்கிறாள், இல்லை. ஒன்பதாவது, தன் முறை வரும்வரை காத்திருக்கிறாள், இல்லை. பதினாலாவது, மற்ற குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுகிறாள், இல்லை. இருபத்தொன்றாவது, அம்மா அப்பாவைக் கண்டால் சந்தோஷப்படுகிறாள்.

அங்கே நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அது பொய்ங்க" என்றாள் ரைட்டரம்மா. "சாயங்காலம் என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிவருவா. பாதி வழியில எதையாவது பார்த்து நின்னுடுவா, ஆனா ஓடிவருவா."

"சரி, அது பொய். நாலாவது?"

ரைட்டரம்மா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தொண்டையைச் செருமத் தயாராக இருந்தார். வேண்டாம் என்று அர்த்தம், இரண்டு பிரேக்கும் அவர் காலடியில்தான் இருப்பது போல. தும்பி பாயில் குப்புறப் படுத்து, கீறலில் நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் இன்றைக்கும் அதே வேர்வை.

"என்னங்க, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் ரைட்டரம்மா.

மாஸ்டர் வந்த இருமலை அப்படியே விழுங்கினார்.

"நாலாவது நெசம், டாக்டர். ஒன்பதும் நெசம். முதல் கேள்விக்கு நான் ஆமான்னுதான் போட வந்தேன், பயத்துல மாத்திட்டேன். பாக்கி எதையும் படிக்கவே இல்லை. மூணு நாளா இவர் அவளை ஆடாம உக்கார வெச்சுப் பழக்கினாரு, கடைசி நாள் பதினோரு நிமிஷம். அதையும் பார்த்துட்டு இருந்தேன்."

என்ன பயம் என்று டாக்டர் கேட்டார். அவள் கொம்பு போன மனிதரைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது அது ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரிந்தது, ஆனால் டாக்டர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இன்றைக்குத் தான் எந்தப் பெயரும் எழுதப்போவதில்லை என்றார். ஐந்து வயதில் ஒரே நாளில் பார்த்துப் பெயர் வைக்கிற வேலை இல்லை இது. முதலில் காதும் கண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தூக்கத்தை விசாரிக்க வேண்டும், வகுப்பில் எப்படி இருக்கிறாள் என்று டீச்சரும் எழுதித் தர வேண்டும். பெயர் வைக்கிற அவசியம் வந்தாலும் வரலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பெயருக்குக் காத்திருக்காமல் உதவியை இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்றார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்ல வேண்டும், பக்கத்தில் போய், முகம் பார்த்துச் சொல்ல வேண்டும், முடித்ததும் உடனே பாராட்ட வேண்டும். வகுப்பில் டீச்சருக்குப் பக்கத்தில் இடம் கேட்கலாம்.

"பதினோரு நிமிஷம் இவ சும்மா உக்காரலை, சார். மலை ஏறியிருக்கா. அதனாலதான் யானை காதுல விழலை" என்றார் மாஸ்டரிடம்.

மாஸ்டர் குனிந்து, கீறலில் ஓடிக்கொண்டிருந்த தும்பியின் நகத்தைப் பார்த்தார். பிறகு, புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களிடமும் அப்படித்தான், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறதிலேயே இருப்பார்கள், எதிரே லாரி வந்தாலும் தெரியாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

அடுத்ததாக டாக்டர் சொன்னதுதான் அவருக்கு இடி. இந்த வயதில் பிள்ளைக்குப் பயிற்சி தருவதைவிடப் பெற்றவர்களுக்குத் தருவதுதான் முதல் வேலையாம். வாரம் ஒரு வகுப்பு, எட்டு வாரம், இரண்டு பேரும் வர வேண்டும்.

"எனக்கா கிளாஸ்?" என்றார் மாஸ்டர். இருபது வருஷத்தில் அவரை உட்காரவைத்து யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கடைசியில் டெஸ்ட் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றதும் முகம் வாடிப்போனது.

டாக்டர் புதிதாக ஒரு படிவத்தைக் கொடுத்து, வீட்டுக்குப் போய் நிரப்பி அனுப்பச் சொன்னார். ரைட்டரம்மா வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதல் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்து, 'ஆம்' கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். அந்தக் கட்டம் கைக்குப் பழகாததில் டிக்கின் வால் வெளியே போனது. இரண்டாவதற்கு மாஸ்டர் 'சில நேரம்' என்றார், அவள் 'ஆம்' என்றாள். நாலாவது பாட்டிலைப் பற்றி ஒரு சின்னச் சண்டை வந்து, மாஸ்டர் தோற்றார். ஏழாவதற்கு இரண்டு பேரும் உண்மையிலேயே பதில் தெரியாமல் முழித்தார்கள். சொந்தப் பிள்ளை சாப்பாட்டை முடித்துவிட்டு எழுகிறாளா, பாதியில் எழுகிறாளா என்று இரண்டு பேருமே பார்த்ததில்லை. ஆளுக்கொரு வேலையாகத் தட்டை வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். அதற்கு எதிரே, 'இன்று பார்த்துச் சொல்கிறோம்' என்று ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்.

தும்பி வராந்தாவின் கோடிவரை போயிருந்தாள். மாஸ்டர் இருந்த இடத்திலிருந்தே பெயரைச் சொல்லிக் கத்த வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து முழு வராந்தாவையும் நடந்து, அவளுக்கு எதிரே முழங்காலை மடக்கிக் குனிந்து, முகத்தைப் பார்த்து ஏதோ ஒரே ஒரு வார்த்தை சொன்னார். தும்பி அவருடைய மூக்கைப் பிடித்துத் திருகினாள். ஆனால் வந்தாள்.

சாவிக்கொத்தோடு வந்த காவலாளி, சாப்பாட்டு நேரம், வராந்தாவைப் பூட்ட வேண்டும், ஒரு படிவத்துக்கா இவ்வளவு நேரம் என்று கேட்டார். எழுதத் தெரியாவிட்டால் தான் டிக் போட்டுத் தருவதாகவும் பெரிய மனதோடு சொன்னார்.

"இன்னும் ஒன்பது இருக்குங்க" என்றாள் ரைட்டரம்மா, தலை நிமிராமல். "படிச்சுப் படிச்சுத்தான் போடணும்."